பஸ்ஸில் இடம்பிடித்த ஹெல்மெட்

மூன்று வார விடுமுறையில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து மதுரைக்கு வந்த என் சித்தி மகள், கோயிலைப் பற்றியும் கேட்கவில்லை, புடவைக் கடையைப் பற்றியும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்ததும் அவள் முதலில் வெளியே எடுத்தது ஒரு ஹெல்மெட். வெள்ளையில் ஆரஞ்சுக் கோடு, முன்பக்கம் நீண்ட தாடை. பேரையூர்ப் பக்கம் தண்ணீர் வற்றிய ஒரு கண்மாய்க்குள் பைக் பந்தயம் நடக்கப்போவதை அங்கிருந்தே போனில் பார்த்து, பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்து, ஓட்டுவதற்கு வாடகை பைக்குக்கும் சொல்லிவைத்திருந்தாள். பழங்காநத்தத்திலேயே பிறந்து வளர்ந்து கடை வைத்திருக்கும் எனக்கு அப்படியொரு பந்தயம் நடப்பதே தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குக் காரணமே வேண்டியதில்லை என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்குக் காரணம் இருந்தது. போன வருடம் இதே போன்ற மண் பந்தயத்தில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டவள் அவள். அதன்பிறகு பைக்கைத் தொடவில்லை. அதை விற்றுவிடச் சொல்லிச் சித்தி ஆளே பார்த்து வைத்திருந்தாள்.

"ஒரே ஒரு தடவ இங்க ஓட்டிப் பாக்கறேன்க்கா" என்றாள். "விழாம முடிச்சேன்னா பைக்க வச்சுக்குவேன். முடியலன்னா ஊருக்குப் போனதும் வித்துடுவேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

சரி, கார் சொல்கிறேன் என்றேன். அதற்கும் மாட்டேன் என்றாள். அவர்கள் ஊரில் காரைக் காடி என்பார்கள். "எல்லா ரேசுக்கும் பஸ்லதான் போவேன். காடில போனது ஒரே நாள். அன்னிக்குத்தான் விழுந்தேன்." படித்த பெண், மருந்து கம்பெனியில் வேலை, பேச்சைப் பார் என்று நினைத்தேன். ஆனால் கிளம்பும்போது யாராவது தும்மினால் உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற நான் எந்த வாயால் சிரிப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பழங்காநத்தத்தில் பஸ் ஏறினோம். திருமங்கலத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அவள் தோளில் பெரிய பை, கையில் பந்தய பூட்ஸ். ஹெல்மெட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அவள் பந்தய விதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பதினோரு மணிக்குள் ஆளும் ஹெல்மெட்டும் சோதனைக்கு வந்துவிட வேண்டும். தலையில் மாட்டி, தாடையைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆடினால் ஓட்ட விடமாட்டார்கள். கேட்கக் கேட்க எனக்கே உள்ளுக்குள் பரபரவென்று வந்தது.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் கோயில் திருவிழாக் கூட்டம். ஒரு பஸ் மெதுவாக வந்தது. என் பின்னால் யாரோ "பேரையூர் வண்டி, பேரையூர் வண்டி" என்றார்கள். ஜன்னலோரம் ஒரு சீட் காலியாகத் தெரிந்தது. அவ்வளவுதான். இத்தனை வருடப் பழக்கத்தில் மூளையைக் கேட்காமலே கை வேலை செய்தது. கூடவே ஓடி, ஜன்னல் வழியாக ஹெல்மெட்டை அந்தச் சீட்டில் போட்டேன்.

பஸ் வேகம் குறைத்தது நிற்பதற்கு அல்ல, குறுக்கே வந்த பழவண்டிக்காக. வண்டி விலகியதும் அது ஸ்டாண்டை விட்டு வெளியே போய்விட்டது. பின்னால் எழுதியிருந்த ஊர் உசிலம்பட்டி. பேரையூர் பஸ் அதற்குப் பின்னால் சாவகாசமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஏன் பஸ்ஸுக்குள்ள தூக்கிப் போட்டீங்க?" என்று கேட்டாள் அவள்.

"எடம் புடிச்சேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உட்கார வைத்து விளக்குகிற நிலையில் நானும் இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவளைப் பேரையூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஆளாவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும். பிறகு டைம் கீப்பர் உட்கார்ந்திருக்கும் அறைக்கு ஓடினேன். அவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார்.

"ஹெல்மெட்டயா போட்டீக? துண்டு கிண்டு கொண்டாரலயா?" என்றார். வேறொரு நாளாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். அன்று கையெடுத்துக் கும்பிட்டேன். மனிதர் இட்லியை மூடி வைத்துவிட்டு அந்த பஸ்ஸின் கண்டக்டருக்குப் போன் போட்டார்.

"இருக்குண்ணே, சீட்லதான் இருக்கு" என்றது போன்.

"எதுக்க வார வண்டில மாத்தி விட்ரு மாப்ள. புள்ள ரேசுக்குப் போவணுமாம்."

நடுவழியில் இரண்டு பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஜன்னலுக்கு ஜன்னல் கைமாறியதாம். ஒன்பது மணிக்கு அந்த எதிர் பஸ் திருமங்கலத்துக்குள் நுழைந்தது. படிக்கட்டு வரை கூட்டம். எட்டிப் பார்த்தால், ஜன்னலோரச் சீட்டில் ஹெல்மெட் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே இரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆரோ எடம் போட்டு வச்சிருக்காகன்னு ஒருத்தரும் உக்காரல. நின்டுக்கிட்டே வாராக" என்றார் கண்டக்டர். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிடித்த இடத்தை இதுவரை ஒருவரும் இவ்வளவு மரியாதையாகக் காப்பாற்றியதில்லை.

அடுத்த பேரையூர் பஸ் ஒன்பதரைக்குத்தான். ஏறியதும் கண்டக்டரிடம் கதையைச் சொன்னேன். அவர் டிரைவரிடம் சொன்னார், டிரைவர் உரக்கச் சொல்லி, கல்லுப்பட்டி வருவதற்குள் பஸ் முழுவதும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரிசிப் பையோடு நிதானமாக இறங்கியவர்களைப் பார்த்து எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. என்னைவிட முன்சீட்டு அம்மாவுக்குத்தான் அவசரம். "வெரசா எறங்குங்கய்யா, அந்தப் புள்ள காத்துக் கெடக்கு" என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

பத்தேகாலுக்குத் தங்கையின் போன் வந்தது. "மூணு பேரோட ஹெல்மெட் போட்டுப் பாத்துட்டேன்க்கா. எல்லாம் தலையில சுத்துது."

கண்மாய்க்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றார்கள். பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "நம்ம வண்டி வெலக்கு டீக்கடைலதான் நிக்கிது, வாங்க தாயி" என்றார். அவருடைய பழைய மொபெட்டில், மடியில் ஹெல்மெட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஆடிக் காற்று கிளப்பிய புழுதியில் போய் இறங்கியபோது மணி பத்து ஐம்பத்திரண்டு.

சோதனை செய்தவர் தாடையைப் பிடித்து இரண்டு முறை ஆட்டினார். ஆடவில்லை. தலையசைத்துவிட்டார். தாடைப் பட்டையை இழுத்து மாட்ட அவளால் முடியவில்லை. மூன்று முறை நழுவவிட்டாள். அவள் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். நான் மாட்டிவிட்டேன்.

ஐந்து பெண்கள். கொடி இறங்கியதும் எழுந்த சத்தத்தில் என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. முதல் வளைவிலேயே அவளுக்கு முன்னால் போனவள் சறுக்கி விழுந்தாள். இவள் பைக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது புழுதிக்குள்ளிருந்து ஆரஞ்சுக் கோடு வெளியே வந்தது. "முறுக்குடி, முறுக்கு" என்று கத்தினேன். ஒரு வாரமாக வேண்டாம் வேண்டாம் என்று உயிரை எடுத்தவளும் நானேதான்.

மூன்றாவதாக வந்தாள். நேரே என்னிடம் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "விழலக்கா" என்றாள். நான் வாய்விட்டு அழுதேன்.

பிறகு மேட்டில் நின்று சித்திக்குப் போன் போட்டாள். "அம்மா, இன்னிக்கு ரேஸ் ஓட்டினேன். விழல. அந்த ஆள்கிட்ட பைக் விக்கலன்னு சொல்லிடுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். திட்டு வரப்போகிறது, அதில் பாதி எனக்குத்தான் என்று காத்திருந்தேன். சித்தி கேட்டதோ வேறு.

"எதுல போனே? காடிலயா?"

"இல்லம்மா. பஸ்ல."

"அதானே பாத்தேன்" என்றாள் சித்தி. "வரும்போதும் பஸ்லயே வந்துரு."