தவுனோவின் இடக்கை வில்

பராகா ஊர் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் செப்டம்பர்தோறும் பழம்பொருள் விற்பனை நடக்கும். அவ்வாண்டு, விளிம்பு உடைந்த காப்பிக் கோப்பைகளுக்கும் துணையிழந்த ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டைக்கும் நடுவே ஒரு வில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேப்பிள் மரத்தின் மெல்லிய பட்டைகளைக் கண்ணாடியிழைத் தகடுகளுக்கு இடையே அடுக்கி ஒட்டி, நுனிகள் இரண்டும் முன்னோக்கி மலர்ந்து வளையுமாறு சமைத்த பழைய வேட்டை வில். நாண் இல்லை. பிடியைச் சுற்றிய தோல் உரிந்து தொங்கியது. பலர் அதை எடுத்தனர். எடுத்த கையில் ஏதோ முரண்பட, மீண்டும் வைத்துவிட்டனர். அம்பு தங்கும் வெட்டு அதற்கு வலப்பக்கம் இருந்தது. இடக்கையால் நாண் இழுப்பவருக்கென்று செய்த வில் அது. எங்கள் மாவட்டத்தில் அத்தகைய பழைய வில்லைக் காண்பது வெள்ளைக் கரடியைக் காண்பது போல.

தவுனோ ரவுத்தியோ மட்டும் எடுத்ததைக் கீழே வைக்கவில்லை.

மர அறுவை ஆலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வாட்பற்களை அரம் போட்டுக் கூர்தீட்டியவர் தவுனோ. அறுபத்து மூன்று வயது. பிறவியில் வலக்கைக்காரர், வலக்கண்ணால் குறிபார்த்து எய்து, ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மான் கொணர்ந்தவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர்க் காலையில், தம் பட்டறையில் வில்லுக்கு நாணேற்றும்போது அவ்வில் துள்ளி முகத்தில் அறைந்தது. வலக்கண் போயிற்று. நாண் அறுந்ததென்று மருத்துவரிடம் சொன்னார். ஊரிலும் அதையே சொன்னார். எஞ்சிய இடக்கண்ணால் குறிபார்க்க வேண்டுமெனில் இடக்கையால் இழுத்தாக வேண்டும். அதற்கேற்ற வில் ஒன்பது ஆண்டுகள் அவருக்கு வாய்க்கவில்லை.

"என்னடா ஒத்தக்கண்ணா, இடக்கை வில்லு உனக்கெதுக்கு?" என்றார் கிளெம் பூஷே. மரலாரி ஓட்டும் கிளெம், தவுனோவின் வேட்டைக்கூட்டாளி, அண்டை வீட்டுக்காரர்.

"கண்ணு இடப்பக்கம்தானே மிச்சம். கை தானா கத்துக்கும்."

"கத்துக்கும் கத்துக்கும். அதுக்குள்ள மானெல்லாம் சிரிச்சே செத்துரும். அதுவும் ஒரு வேட்டைதான்."

வீட்டில் லெம்பி சிரிக்கவில்லை. பள்ளிச் சமையலறையில் இருபத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்ந்த அவர், கணவர் கையிலிருந்த பொருளை வாசலிலேயே நின்று பார்த்தார்.

"எங்க மாட்டப் போற அத?"

"பட்டறையில, பழைய ஆணியில."

"அந்த ஆணியப் பிடுங்கி ஒன்பது வருஷம் ஆச்சு."

"வேற ஆணி அடிச்சுக்கறேன்."

"தவுனோ, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. மிச்சம் ஒரு கண்ணு. அதுவும் போச்சுன்னா நான் உன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன், பேப்பர் படிச்சுக் காட்டுவேன், ஒண்ணும் குறை வைக்கமாட்டேன். ஆனா நீ அப்படி உக்காந்திருக்க மாட்ட. உன்ன எனக்குத் தெரியும்."

"அன்னிக்கு நாண் அறுந்துச்சு. புது நாண் போட்டா எதுக்கு அறப்போகுது?"

லெம்பி உள்ளே போனார். அன்றிரவே பழைய பனிக்காலணியின் தோல் நாக்கை வெட்டி வில்நுனி புகுமளவு தொப்பி போன்ற இரு சிறு குப்பிகள் தைத்தார்; உறுதியான கயிற்றின் இரு முனைகளிலும் அவற்றைக் கோத்தார். வில்நுனிகளில் அக்குப்பிகளை மாட்டி, கயிற்றைக் காலால் மிதித்து, பிடியை மேலே தூக்கினால் வில் தானே வளையும்; நாணின் வளையத்தை நுனியிலுள்ள குதை வெட்டில் ஏற்றிவிடலாம். முகத்தின் அருகே எதுவும் வராது. மறுநாள் பட்டறையில் புது ஆணியில் வில் தொங்கியது. அதன் பக்கத்தில் அக்கயிறும் தொங்கியது.

தவுனோ கயிற்றைத் தொடவில்லை. எங்கள் வேட்டைக் குடிலில் ஆண்கள் நாணேற்றும் முறை வேறு. வில்லுக்கும் நாணுக்கும் இடையே ஒரு காலை விட்டு, கீழ்நுனியை மற்றக் கணுக்காலில் சிக்கவைத்து, தொடையை முட்டுக்கொடுத்து மேற்பாதியை முன்னே தள்ளி வளைப்பார்கள். தள்ளும்போது மேல்நுனி முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் நிற்கும். கயிறு பயன்படுத்துபவனைப் பால்குடிப் பிள்ளையாகப் பாவித்து, "அம்மா மார்த்துணி கட்டி அனுப்பினாளா?" என்று கேட்பதில் கிளெம் முதல் ஆள்.

சீரமைப்பு தொடங்கியது. தவுனோ முதலில் ஒரு பஞ்சுருண்டையை வில்லின் மேலும் கீழும் மெல்ல இழுத்துச் சென்றார். கண்ணாடியிழை எங்கேனும் சிம்பு விட்டிருந்தால் பஞ்சு அங்கே சிக்கும். சிம்பு விட்ட வில் முழு இழுப்பில் வெடிக்கும். பஞ்சு எங்கும் சிக்கவில்லை. மேற்பாதியில் குறுக்காக ஓடிய மயிரிழைக் கோடு ஒன்று அவரை இருநாள் உறங்கவிடவில்லை. தகட்டில் விழுந்த பிளவா, மேற்பூச்சில் விழுந்த கீறலா? ஒற்றைக் கண்ணால் ஆழத்தை அளப்பது எளிதன்று. நகத்தால் தடவினார், உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார்; முடிவில் பழுப்பேறிய பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். பூச்சோடு கோடும் போயிற்று. பிளவன்று, கீறல்தான்.

பூச்சு போன பின்னரே மற்றொரு குறை வெளிப்பட்டது. நுனியிலிருந்து பிடிவரை நீளவாக்கில் நோக்கியபோது, மேற்பாதி ஒருபுறமாகத் திருகியிருந்தது. அந்நிலையில் நாணேற்றினால் நாண் வழுவிக் குதையைவிட்டுப் பாயும்.

திருகலை வெப்பத்தால் எடுக்கலாம். மிதமான வெப்பம் போதும். பலர் வெந்நீர்க் குழாயடியில் வில்லைப் பிடித்துக் கையால் எதிர்த்திருகுவார்கள். ஃபின்லாந்து வழிவந்த எம்மவருக்கோ சளிக்கும் சவுனா, சுளுக்குக்கும் சவுனா, துக்கத்துக்கும் சவுனா. சனிக்கிழமை மாலை கொல்லைக் குடிலில் அடுப்பெரித்துக் கற்களைச் சூடேற்றி, நீர் தெளித்து வெந்து வியர்ப்போம். ஞாயிறு காலையிலும் பலகைகளில் இளஞ்சூடு நிற்கும். அவ்விளஞ்சூட்டில் தவுனோ வில்லைப் பலகை இடுக்கில் செருகி, எதிர்ப்புறம் திருகி, ஆப்பு வைத்துக் கட்டினார். இரண்டு ஞாயிறுகள் கழிந்தன. முக்காற்பங்கு திருகல் நேரானது. மூன்றாம் ஞாயிறு கழிந்தும் கட்டை அவிழ்க்காமல், "இன்னும் ரெண்டு நாள் அப்படியே படிஞ்சு கிடக்கட்டும்" என்று உள்ளேயே விட்டுவைத்தார். எங்கள் பக்கம் சவுனாவுக்குப் பூட்டு இல்லை என்பதையும், நனைந்து வரும் அண்டை வீட்டான் கேளாமலே அடுப்பைப் பற்றவைக்கும் உரிமையுடையவன் என்பதையும் அவர் எண்ணவில்லை.

செவ்வாய்க்கிழமை மழையில் மரமேற்றி வந்த கிளெம் நேரே சவுனாக் குடிலுக்குள் புகுந்தார். தவுனோ கடைக்குப் போய்த் திரும்பியபோது புகைபோக்கி முழுமூச்சாய்ப் புகைந்துகொண்டிருந்தது. கையிலிருந்த பையை முற்றத்திலேயே போட்டுவிட்டு ஓடினார்.

"கதவச் சாத்துடா, குளிருது!" என்றார் உள்ளே சிவந்து அமர்ந்திருந்த கிளெம்.

"என் வில்லு எங்க?"

"வில்லா? தலைக்கு மேல ஏதோ கட்டை இருந்துச்சு. நீ பலக ரிப்பேர் பண்றேன்னுல்ல நெனச்சேன்."

"எவ்வளவு நேரமா எரியுது?"

கிளெம் முதன்முறையாகச் சிரிப்பை நிறுத்தினார். "ஒரு மணி நேரம் இருக்கும்டா."

மேற்பலகையில் அவ்வெப்பம் முட்டையை அவிக்கும். தவுனோ துணியால் பற்றி வில்லை வெளியே கொணர்ந்து, நிழலில் கிடத்தி ஆறவிட்டார். திருகல் முற்றும் நீங்கியிருந்தது. நாண்வழி கோடு கிழித்தாற்போல் நேராக நின்றது. ஆனால் அடுக்குகளைப் பிணைத்த பழம்பசை அச்சூட்டில் இளகிற்றோ இல்லையோ? சிகரெட்டுத் தாளை மடித்து ஒட்டுவாய் நெடுக நுழைக்க முயன்றார். தாள் எங்கும் நுழையவில்லை. அது நற்குறி, சான்று அன்று. வளைத்துப் பார்ப்பதொன்றே சான்று.

வேட்டை தொடங்க இரு நாள் இருந்தது.

செப்டம்பர் இருபத்தொன்பது பிற்பகல். பட்டறைக் கதவு திறந்திருந்தது. புதுநாணின் கீழ்வளையத்தைக் குதையில் மாட்டினார் தவுனோ. மேல்வளையத்தை மேற்பாதியில் தளரக் கோத்தார். ஆணியில் தொங்கிய கயிறு அவர் கண்ணிற் படவே செய்தது. நாற்பது ஆண்டுப் பழக்கம் அவரைக் கேளாமலே காலைத் தூக்கியது. வில்லுக்கும் நாணுக்கும் இடையே கால் நுழைந்தது. கீழ்நுனி கணுக்காலில் சிக்கியது. தொடை முட்டுக்கொடுத்தது. கை மேல்நுனியைப் பற்றித் தள்ளியது; வில் அரைவாசி வளைந்தது.

அவ்வேளை லெம்பி கதவருகே நின்றிருந்தார், கணவரின் வலப்பக்கம்; பார்வையில்லாப் பக்கம். தவுனோ அவரைக் காணவில்லை. லெம்பி வாய் திறக்கவில்லை. அரைவாசி வளைந்த வில்லோடு நிற்பவன் திடுக்கிட்டுத் திரும்பினால் என்ன நேரும் என்பதை அவரைவிட அறிந்தவர் எவருமில்லை. அடுப்புக்கரித் துணியை வாயோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

நாண்வளையத்தை மேலேற்ற விரலை நீட்டும்போது, தவுனோவின் பார்வை எதிரே கிடந்த பட்டறை மேசையில் விழுந்தது. அரங்களுக்கு நடுவே, காலையில் அங்கில்லாத ஒன்று சுருண்டு கிடந்தது. பழைய நாண். பழுப்பு நூல், நடுவில் சிவப்புச் சுற்று. அச்சிவப்பைச் சுற்றியவர் அவரே. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தம் வில்லில் இருந்த நாண் அது. இரு வளையங்களும் முழுமையாய் இருந்தன. ஒரு புரிகூட அறுந்திருக்கவில்லை.

அவர் கை அப்படியே நின்றது. வளைந்த வில்லை விடவும் முடியாது, பிடித்திருக்கவும் முடியாது என்ற நிலையில், முகத்தை இயன்றவரை பின்னே சாய்த்து, ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகத் தளர்த்தினார். வில் நிமிர்ந்தது. காலை வெளியே எடுத்தார்.

கயிற்றை ஆணியிலிருந்து எடுத்துத் தோற்குப்பிகளை நுனிகளில் மாட்டி, நடுக்கயிற்றை மிதித்து, பிடியைத் தூக்கினார். வில் இடுப்புக்குக் கீழே வளைந்தது. வளையம் மேலே ஊர்ந்தது. குதைக்கு ஒரு விரற்கடை இருக்கையில், ஏரிப்பனி முதலில் விரிசலிடும் ஓசை போல ஒன்று கேட்டது. மேற்பாதியின் ஒட்டுவாய் பிளந்தது. வில் திமிறிப் புரண்டு, நுனி கயிற்றோடு சுழன்று அவருடைய முழந்தாளுக்குக் கீழே அறைந்தது. தவுனோ மண்டியிட்டார்.

"கண்ணு?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார் லெம்பி.

"இருக்கு. காலுதான்."

"வலிக்குதா?"

"உயிர் போகுது."

"நல்லா வலிக்கட்டும்."

இருவரும் தரையிலேயே அமர்ந்திருந்தனர். தவுனோ, மேசையைப் பார்த்தவாறே சொன்னார்: "அன்னிக்கு நாண் அறுந்து போகல, லெம்பி. வில்லு நழுவிடுச்சு. காலை விட்டுத்தான் ஏத்தினேன்."

"தெரியும். நீ ஆஸ்பத்திரியில கெடக்கும்போது இந்தத் தரையிலதான் அதப் பொறுக்கினேன்."

"ஒன்பது வருஷம் சொல்லவே இல்லயே."

"சொன்னா என்ன, கண்ணு திரும்ப வருமா? உனக்குப் பேச ஒரு கத வேணும்னு விட்டேன். இன்னிக்குத்தான் அந்தக் கத உன் மிச்சக் கண்ண வாங்கப் பாத்துச்சு."

அக்டோபர் முதல் நாள் ஊரே காட்டில் இருந்தது. தவுனோ பட்டறையில் இருந்தார். பிளந்த ஒட்டுவாயில் நான்கு விரல் நீளத்துக்குப் புதுப்பசை செலுத்தி, பத்துக் கவ்விகள் இட்டு இறுக்கினார். காய்ந்த பின் மேலே பட்டுநூல் வரிந்து கட்டினார். வில்லைத் தூணில் பிணைத்து, கதவுக்கு வெளியே நின்று நீள்கயிற்றால் நூறுமுறை இழுத்துக் காதைத் தீட்டிக் கேட்டார். ஓசை ஏதும் எழவில்லை. அதன் பின்னரே தம் கையால் இழுத்தார். முதல் அம்பு வைக்கோற் கட்டை விட்டு விறகுக் குவியலில் தைத்தது.

அம்மாதக் கடைசியில் வேட்டைக் குடிலுக்குப் போனபோது வாசலில் ஐந்தாறு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தனர். தவுனோ சட்டைப் பையிலிருந்து லெம்பியின் கயிற்றை எடுத்து, எல்லார் முன்னும் மிதித்து நாணேற்றினார்.

"அம்மா மார்த்துணி கட்டி அனுப்பினாளா?" என்றான் புதிதாய் வந்த ஒருவன்.

"பொண்டாட்டி கட்டி அனுப்பினா," என்றார் தவுனோ. "கிளெம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு என் நாண் அறுந்துச்சுன்னு சொன்னேனே, அது பொய். கால விட்டு ஏத்தினேன், நழுவிடுச்சு. கண்ணப் போக்கினது என் வீம்புதான்."

கிளெம் காப்பியைக் கீழே வைத்தார். தம் வண்டியருகே சென்று, மாற்றுச் சக்கரத்துக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, கறுத்துத் தேய்ந்த ஒரு கயிற்றை உருவினார். அதன் இரு முனைகளிலும் தோற்குப்பிகள் இருந்தன. பலகாலம் உழைத்துப் பளபளத்திருந்தன.

"எத்தன வருஷமா?" என்று கேட்டார் தவுனோ.

"உன்ன ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போன மறுநாள்லேருந்து," என்றார் கிளெம். "வண்டிக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு ஏத்திக்குவேன். இனிமே கொஞ்சம் நிம்மதியா ஏத்தலாம், தள்ளி நில்லு."