ஆபீஸ் ரூமில் தாளித்த வாசனை

நெய்யில் சீரகமும் கறிவேப்பிலையும் பொரிகிற வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு ஒரு படிப்பறைதான் நினைவுக்கு வரும். பூந்தமல்லியில், வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய அதிகாரி பங்களாவின் படிப்பறை அது.

அம்மா அங்கே சமையல் வேலை செய்தாள். நாங்கள் பின்பக்கத்து "அவுட் ஹவுஸில்" குடியிருந்தோம். அதிகாரிகள் வருவார்கள், போவார்கள்; அம்மா மட்டும் போகமாட்டாள். புதிதாக வருகிறவர்கள் கூடத்தையும் படுக்கையறைகளையும் அப்படியே விட்டுவிட்டு, எல்லோரும் "ஆபீஸ் ரூம்" என்று சொன்ன அந்த ஒரு அறையில்தான் தங்கள் ஆசையையெல்லாம் காட்டுவார்கள்.

எனக்கு நினைவு தெரிந்த முதல் ஐயா காலத்தில் அங்கே பச்சைத் துணி விரித்த பெரிய தேக்கு மேஜையும், சுவரில் கண்ணாடிக் கண்ணோடு ஒரு மான் தலையும் இருந்தன. அம்மா காபி கொண்டுபோனால் வாசலில் நின்று இருமிவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். அடுத்தவர் மான் தலையைக் கழற்றி அதே ஆணியில் முருகன் படத்தை மாட்டினார். மேஜைமேல் கலர் டிவியும் வீடியோ கேசட் போடும் "டெக்"கும் ஏறின. ஞாயிற்றுக்கிழமைகளில் கரையான்சாவடியிலிருந்துகூட ஆட்கள் வந்து சிவப்புக் கம்பளத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். மறுநாள் கம்பளத்திலிருந்து வேர்க்கடலைத் தோல் பொறுக்குவது என் வேலை.

மூன்றாவது ஐயா ஆபீஸ் வேலையை ஆபீஸிலேயே முடித்துவிட்டு வருகிறவர். அறை சும்மா கிடந்தது. நான் அப்போது பத்தாவது. எங்கள் அறையில் ஒரே பல்பு. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் அதன் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும். தம்பி தங்கைகளின் சத்தம் வேறு. கணக்கில் நான் தத்தளித்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் தேறாவிட்டால் அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனிக்கு அனுப்புவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதைக் கேள்விப்பட்ட ஐயா வீட்டு மேடம், "டியூப் லைட் சும்மாதானே இருக்கு, பொண்ண இங்க வந்து படிக்கச் சொல்லு" என்றார். வாய் திறந்து நன்றி சொல்லக்கூடக் கூச்சப்பட்ட நான், அந்த மேஜையின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு படித்தேன்.

பொங்கல் முடிந்த கையோடு ஐயாவுக்கு மாற்றல் வந்துவிட்டது.

புதியவர் சாமான் லாரிக்கு முன்னாலேயே ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தார். அவர் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து, ஆபீஸ் ரூமில் வந்து நின்றார். இதுதான் அக்னி மூலையாம்; அடுப்பு இங்கேதான் எரியவேண்டுமாம். ஒரே வாரத்தில் அந்தக் காலத்துச் சுவரில் புகைக்கு ஓட்டை போட்டு, ஜன்னலோரம் கடப்பைக்கல் மேடை கட்டிவிட்டார்கள்.

"இன்னா கலெக்டரம்மா, ஒன் ஆபீசு பூட்ச்சா?" என்று சிரித்தார் ஜீப் ஓட்டும் கோவிந்து அண்ணன். நான் அவுட் ஹவுஸுக்கு ஓடிப்போய் அழுதேன். தையல் மெஷின் சத்தம் அப்போதே காதில் கேட்பதுபோல் இருந்தது.

அம்மாவோ கணக்குப் புத்தகத்தை முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"அயுதுகினு கீறியே, எய்ந்து வா. அது ஐயா ரூமா இருந்தப்போ கேட்டுகினு போனோம். இப்ப அது என் ஊடு. அடுப்பு எங்க எரியுதோ அங்க நான் சொல்றதுதான்."

சொன்னது சரிதான். பங்களாவில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்காரர்கள் சமையற்கட்டுக்குள் வரமாட்டார்கள், வேண்டியதை மணியடித்துச் சொல்வார்கள். அந்த மேஜையையும் வெளியே எடுத்துப்போடத்தான் பார்த்தார்கள். நாலு ஆள் பிடித்துத் தூக்கிய பிறகுதான் அது எந்தப் பக்கம் திருப்பினாலும் வாசலில் நுழையாது என்று தெரிந்தது. சர்க்கார் சொத்து, அறுக்கவும் முடியாது. "காய் நறுக்க வச்சிக்கோ" என்று விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, மூலையிலும் ஒடுங்கவில்லை. மேஜையின் நடுவில் புத்தகத்தை விரித்தேன். எதிர்ப்பக்கத்தில் அம்மா தாளிப்பாள், நறுக்குவாள், நடுவே "இன்னா, வாய் ஓயலாமா? சத்தமா படி" என்பாள். மேஜை விளிம்பில் திருகி மாட்டிய துருவியில் நான் தேங்காய் துருவிக்கொண்டே சூத்திரங்களை ஒப்பித்தேன். இன்றும் எனக்கு வட்டத்தின் பரப்பளவு தேங்காய்ப்பூவோடுதான் ஞாபகத்துக்கு வருகிறது. கணக்கில் தேறினேன். பன்னிரண்டாவதும் அதே மேஜையில்தான் முடித்தேன். அந்தப் படிப்பை வைத்து முகப்பேரில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து இன்றுவரை அங்கேயே இருக்கிறேன்.

போன மாதம், பழுது பார்த்த பங்களாவைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு, காட்டுப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். ஆபீஸ் ரூமில் மேடை இல்லை, புகை ஓட்டை இல்லை, ஆணிகூட இல்லை. "துரையின் படிப்பறை" என்று பலகை மாட்டி, மேஜையில் புதுப் பச்சைத் துணி விரித்து, சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். வெறும் வார்னிஷ் வாசனை. துணி எட்டாத விளிம்பில் மட்டும் துருவி கடித்த தடம் அப்படியே இருந்தது.

காவலுக்கு உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்ததும் மடியிலிருந்த புத்தகத்தைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள். ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறாள். பொதுவாக நான் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினேன்.

"ஸ்டூல்ல ஏம்மா கஷ்டப்படற? அந்த மேஜைல வச்சுப் படி, நல்லா மண்டையில ஏறும்."

"ஐயோ ஆன்ட்டி, அது துரை மேஜை. தொட்டாலே என் வேலை பூடும்."

"நான் அதுல தேங்காயே துருவி இருக்கேன்" என்றேன்.