மகாலட்சுமியைத் தூக்கிய சீசன்

1. மேஜைமேல் எதிரி

தீபாவளி சீசன் தொடங்கும் நேரம். எங்கள் சவுண்ட்பார்கள் கடைகளிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. பாட்டு போட்டால் கிர்ர் என்று ஓர் இரைச்சல் வருகிறது என்பதுதான் எல்லோருடைய புகாரும். வில்லியனூர் டீலர் போனில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சேகரு, ஜனங்க பாட்டு கேக்க வாங்குனாங்களா, வண்டு கத்தறத கேக்க வாங்குனாங்களா? எதிர் கம்பெனிக்காரன் சரக்கு ஒண்ணுகூடத் திரும்பி வரலப்பா. இனிமே அதையே எடுத்துக்கறன்."

திருவாண்டார்கோயில் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் கம்பெனியில் நான் குவாலிட்டி சூப்பர்வைசராக இருந்தேன். இப்போது ஓய்வு. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள், "போட்டியை எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். ஏதோ பெரிய ஆராய்ச்சி செய்து ஜெயித்தோம் என்று நினைப்பு. எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எதிர் கம்பெனியின் சவுண்ட்பார் ஒன்றைக் கடையில் வாங்கிவந்து என் மேஜையில் வைத்தார் எங்கள் ஜி.எம். சென்னை ஆள். கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

"பிரிங்க சேகர். அவன் என்ன புதுசா பண்ணியிருக்கான்னு பாக்கணும்."

பிரித்தேன். உள்ளே புதிதாக ஒரு மண்ணும் இல்லை. எங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் போர்டு தருகிற அதே வெளிநாட்டு சப்ளையர்தான் அவர்களுக்கும். ஸ்பீக்கரும் அதேதான். மேலே ஒட்டியிருக்கும் பெயரை உரித்துவிட்டால் எது யாருடையது என்று முதலாளிக்கே தெரியாது. இந்தத் தொழிலில் பாதிப் போட்டி அட்டைப்பெட்டியின் கலரில்தான் நடக்கிறது.

கடைசியாக ஒயர் கனெக்டரைப் பார்த்தேன். பார்த்ததுமே மனசு துள்ளியது.

2. நூல் விடாத கை

ஒயர் கழன்று வராமலிருக்கக் கனெக்டர்மேல் சூடான குளூ ஒரு சொட்டு வைப்போம். குளூ கன்னை எடுக்கும்போது மெல்லிசாக ஒரு நூல் இழுத்துக்கொண்டு வரும். அது ஸ்பீக்கரின் அதிரும் பேப்பரில் போய்ப் பட்டுவிட்டால், பாட்டில் பாஸ் சத்தம் அடிக்கும்போதெல்லாம் கிர்ர்தான். எங்கள் லைனில் மணப்பட்டு மகாலட்சுமி ஒருத்திக்குத்தான் நூலே வராது. சொட்டு வைத்ததும் மணிக்கட்டை லேசாகத் திருப்பி, அந்தச் சொட்டின் தலையிலேயே கன்னைத் துடைத்து எடுப்பாள். முறுக்கின் நுனி மாதிரி ஒரு சின்னச் சுழி நிற்கும். மற்ற பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தோம். டார்கெட் அவசரத்தில் யாருக்கும் அது படியவில்லை. அதனால் அவள் இருந்தவரை குளூ வேலை அவளுடையதுதான், இப்படி ரிட்டர்னும் வந்ததில்லை.

அவள் கான்ட்ராக்ட். சீசன் முடிந்தால் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு 'பிரேக்' கொடுப்பார்கள். நாளையிலிருந்து வராதே என்பதற்கு நாகரிகமான பெயர் அது. போன சீசன் முடிந்ததும் மகாலட்சுமியையும் அப்படித்தான் அனுப்பினார்கள். வேண்டாம் சார் என்று எவ்வளவோ சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அதே சுழி எதிராளியின் சவுண்ட்பாருக்குள் இருந்தது.

"சார், இது நம்ம மகாலட்சுமி கை" என்றேன். "நாம பிரேக் குடுத்து அனுப்பினோமே, அந்தப் பொண்ணு. திரும்பக் கூப்பிடுங்க சார், ரிட்டர்ன் நின்னுடும்."

ஜி.எம். அந்தச் சுழியை விரலால் தடவினார். "நிச்சயமா தெரியுமா?"

"என் கையெழுத்தவிட நல்லாத் தெரியும் சார்."

"அப்போ தூக்கிடலாம்."

எதிராளியிடம் இருக்கும் ஆளைக் கூடச் சம்பளம் காட்டி இழுப்பதைத்தான் தூக்குவது என்பார்கள். நான் சொன்னது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஒரு நல்ல கைக்கு மரியாதை வரப்போகிறது என்று அன்றைக்கு உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

3. போன்

மறுநாள் மகாலட்சுமியே கூப்பிட்டாள்.

"அண்ணா, உங்க எச்.ஆர். போன் பண்ணாங்க. வரச் சொல்றாங்க. இன்னா பண்ணட்டும்?"

"இப்ப எங்கம்மா இருக்கற?"

"பாகூராண்ட அந்தக் கம்பெனிலதாண்ணா. வூட்லேருந்து ஒரே பஸ்ஸு. தீபாவளி முடிஞ்சதும் பர்மனென்ட் பண்றன்னு ஓனரே சொல்லியிருக்காரு. எங்க வூட்டுக்காரரு இடுப்பு போயி கடலுக்கே போறதில்லண்ணா. பர்மனென்ட் ஆனாத்தான் எனக்கு மூச்சு வரும்."

"இங்க இன்னா சொன்னாங்க?"

"சம்பளம் ஏத்தித் தர்றாங்களாம். பர்மனென்ட்டுக்கு ரெகமண்ட் பண்றாங்களாம். பெரிய கம்பெனியாச்சே, நீயும் அங்க இருக்கறியேண்ணா."

"நல்லா கேட்டுக்கினு வாம்மா" என்றேன். அடுத்த வாரமே வந்துவிட்டாள்.

4. நாற்காலி

வந்தவளை லைனில் போடவில்லை. ஸ்டோர்ஸ் மூலையில் ஒரு நாற்காலி போட்டு, கூப்பிடும்போது வந்தால் போதும் என்று உட்காரவைத்தார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஜி.எம்.மிடம் போனேன்.

அவர் டிராயரிலிருந்து ஒரு புது போர்டை எடுத்துக் காட்டினார். அதில் இருந்தது லாக் கனெக்டர். அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும்.

"இந்த சீசன்லேருந்து நமக்கு குளூவே கிடையாது சேகர். முதல் ரிட்டர்ன் வந்தப்பவே ஆர்டர் போட்டாச்சு."

"அப்புறம் அந்தப் பொண்ணு எதுக்கு சார்?"

"அவன்கிட்ட இன்னும் பழைய கனெக்டர்தானே? அந்தம்மா நம்மகிட்ட இருந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல. அவன்கிட்ட இல்லாம இருந்தா போதும்."

நேராக ஸ்டோர்ஸுக்குப் போய் மகாலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னிக்கே பாகூருக்குத் திரும்பிப் போயிடும்மா" என்றேன். அவள் அங்கேயே நின்று பழைய ஓனருக்குப் போன் போட்டாள். சீசன் நேரத்தில் நடுவில் விட்டுப் போனவளுக்கு என் கேட்டில் இடமில்லை என்று அவர் வைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வயிற்றில் அடி வாங்கியவர் அவர்.

அதன் பிறகு தினமும் கம்பெனி வேனில் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் துடைப்பத்தை எடுத்தாள். ஹவுஸ்கீப்பிங் பெண்கள், எங்கள் பிழைப்பில் கை வைக்கிறாயா என்று சண்டைக்கு வந்தார்கள். போகவர அவளைப் பார்த்தவர்கள், "குடுத்து வச்சவ, உக்காந்துக்கினே சம்பளம்" என்று கிண்டல் செய்தார்கள். அவளும் சிரிப்பாள். எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்காமல் போயிற்று.

சீசனில் ஜி.எம். கணக்கு தப்பவில்லை. எதிர் கம்பெனி சவுண்ட்பார்கள் கிர்ர் கிர்ர் என்று கடைக்குத் திரும்பின. வில்லியனூர் டீலர் மறுபடியும் எங்கள் சரக்குக்கு வந்தார். மீட்டிங்கில் லாக் கனெக்டரைப் பெரிய படமாகப் போட்டு, இதுதான் இன்னொவேஷன் என்று கைதட்டினார்கள். மகாலட்சுமி பெயரை யாரும் எடுக்கவில்லை. எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். அவளுக்கும் ஒன்று வந்தது. பிள்ளைகளுக்கென்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.

5. கேட்

பொங்கல் கழிந்ததும் அவளுக்கு பிரேக். "ரெகமண்ட் பண்ணோம்மா, மேல ஒத்துக்கல" என்றார் எச்.ஆர். கேட்டில் வேனுக்காக நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அரியூர்ல ஒரு கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம்ண்ணா. கடசியா இன்னா வேல பாத்தன்னு கேட்டா இன்னான்னு சொல்றது?"

"குளூ வேலன்னு சொல்லும்மா."

"இங்க வந்து குளூ கன்ன கையாலகூடத் தொடலியேண்ணா. எடுத்துக் குடுத்து செய்யச் சொன்னாங்கன்னா, கை வருமோ என்னமோ." வலது மணிக்கட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். வேன் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

பிள்ளைகளே, கூடச் சம்பளம் தருகிறேன் என்று யாராவது கூப்பிட்டால், அங்கே எனக்கு என்ன வேலை என்று முதலில் கேளுங்கள். மகாலட்சுமி சம்பளம் கேட்டாள், பர்மனென்ட் கேட்டாள். வேலை என்ன என்று கேட்கத் தோன்றவில்லை, எனக்கும்தான். கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லும் சிரமத்தைக்கூட நாங்கள் அவர்களுக்கு வைக்கவில்லை.