நிறுத்தினால் எது நிற்கும்

“புள்ளத்தாச்சி பொண்ணு பொட்டி தட்டிக்கினு இருந்ததாலதான் கொயந்த ராவெல்லாம் முயிச்சிக்கினு அழுதுதுன்னு யாரு சொன்னது அண்ணி உனுக்கு? அந்தத் தயிர்க்காரிதானே? அவ வாய்ல வேற இன்னா வரும்?” என்று எதிர் வீட்டு அண்ணியிடம் நேற்றுக் கேட்டேன். அண்ணி சிரித்து மழுப்பிவிட்டாள். என் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது ஒருநாள் நடந்தது அண்ணிக்கும் தெரியாது, தயிர்க்காரிக்கும் தெரியாது. எனக்கு எழுத்து வாசனை கிடையாது. நான் சொல்லச் சொல்ல, அப்போது வயிற்றில் இருந்த பேத்தியே தன் பள்ளிக்கூடத்துத் தமிழில் எழுதுகிறாள்.

என் மகளுக்கு அது தலைப்பிரசவம். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வளைகாப்பு முடிந்து உத்திரமேரூருக்கு அழைத்து வந்தோம். வளையல் காஞ்சிபுரத்தில் வாங்கியது. பச்சையும் சிவப்பும் அவளுக்கு எடுப்பாக இருந்தது. மாப்பிள்ளைக்கு நீலம் பிடிக்குமாம், அதையும் கேட்டு வாங்கினேன். கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்து அவள் தட்டும்போது வளையல் குலுங்குகிற சத்தம் அடுப்படி வரை கேட்கும். அந்தச் சத்தம் நின்றால் எனக்குக் கை வேலை ஓடாது. என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பேன்.

அவள் வேலை என்னவென்று ஒருநாள் கேட்டேன். “ஒரு புரோகிராம் மெதுவா ஓடுச்சின்னா, எந்த எடத்துல மாட்டிக்கினு கீதுன்னு பாக்கறதுக்கு ஒரு டூல் இருக்கும்மா. நாங்க செஞ்சது” என்றாள். கறுப்புத் திரையில் ஒரு வரி அடிக்க வேண்டுமாம். வரியின் வாலில் இரண்டு கோடு போட்டு ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்கு ஆப்ஷன் என்று பேர். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமோடு போய் ஒட்டிக்கொண்டு பார்க்க ஓர் ஆப்ஷன். டூலே புரோகிராமைக் கிளப்பிவிட்டுப் பார்க்க இன்னொன்று. “ஓடற பஸ்ஸுல தொத்திக்கினு பாக்கறது ஒண்ணு, நாமளே பஸ்ஸை எடுத்துக்கினு போறது ஒண்ணு. ரெண்டையும் எங்க ஆளுங்களே கொழப்பிக்கறாங்க” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் போன் வந்தது. அவளுக்கு மேலே இருக்கிற அதிகாரி வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து பேசினார். அங்கே எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எப்போது என்பதெல்லாம் ஒரு புரோகிராமில்தான். அது மெதுவாக ஓடுகிறதென்று பார்க்கப் போனவர், கோளாறைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், காலையில் தான் அடித்த வரியை அப்படியே படித்துக் காட்டினார். சாயங்காலம் டூலை நிறுத்திவிட்டுக் கிளம்புவதாகச் சொல்லும்போதே லைன் போய்விட்டது. மகள் ரிசீவரைப் பிடித்தபடி நின்றாள்.

“இன்னாடி? வலிக்குதா?”

“அவரு தப்பான ஆப்ஷனைப் போட்டுட்டாரும்மா. டூலே கெளப்பின புரோகிராம் அது. டூலை நிறுத்தினா அதுவும் கூடவே நின்னுடும். பாதி எழுதினது கெட்டுப்பூடும். யாருக்கு இன்னா மருந்துன்னு தெரியாம அலைவாங்க.”

ஒன்று நின்றால் இன்னொன்றும் நின்றுவிடும் என்று அவள் சொன்னபோது என் கண் அவள் வயிற்றுக்குத்தான் போனது.

தட்டித் தட்டிப் பார்த்து நேரம் போனதுதான் மிச்சம், போனில் உயிரில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரம் பாய் கடையில் போன் பூத் உண்டு. ஆனால் விளக்கு வைக்கிற நேரம் நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி தெருவில் இறங்கக் கூடாது. வாசலை மறித்து நின்றேன். “நான் போகலன்னா யாராவது செத்துடுவாங்கம்மா” என்றாள். அதற்கு மேல் எப்படி மறிப்பது? தலையில் வேப்பிலை செருகினேன். காத்து கருப்பு அண்டாமல் இருக்கக் கையில் இரும்பு வேண்டும். அவசரத்தில் அகப்பட்டது கதிர் அறுக்கிற அருவாள். ஒரு கையில் அருவாள், ஒரு கையில் குடை. சேற்றில் அவள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது.

“இன்னாக்கா, அருவாளோட வர்ற? லைன் கெடைக்கலன்னா என்னிய வெட்டப் போறியா?” என்றார் பாய். மகளின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தள்ளினார்.

லைன் கிடைத்தது. “சார், நிறுத்தாதீங்க” என்றுதான் முதலில் சொன்னாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. “நிறுத்தினா டூல் மட்டும் கழண்டுக்கும்னு நீதானேம்மா டூலோட உதவிப் பக்கத்துல எழுதியிருக்கே?”

“அது ஒட்டிக்கிட்டுப் பாக்கறதுக்கு சார். நீங்க கெளப்பிப் பாக்கறதைப் போட்டிருக்கீங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்காரங்களைக் கூப்பிட்டு, இருக்கறது எல்லாத்தையும் பேப்பர்ல எழுதிக்கச் சொல்லுங்க. புரோகிராமை அதோட வழியிலயே மூடிட்டு, அப்புறம் டூல் இல்லாம தனியா கெளப்புங்க.”

“நிறுத்தற பட்டன்ல கை வெச்சிட்டேன்மா. இப்பதான் எடுத்தேன்” என்றார் அதிகாரி. பூத் நம்பரை வாங்கிக்கொண்டு, முடித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தார்.

காத்திருந்தோம். பாய் கடையை மூடாமல் இருந்தார். டீ வந்தது, அவள் தொடவில்லை. இடுப்பைப் பிடிப்பாள், விடுவாள். ஒவ்வொரு முறையும் இதுதான் வலியோ என்று அவள் முகத்தைப் பார்ப்பேன். அங்கே முகம் தெரியாத நோயாளிகள், இங்கே என் பிள்ளை. யாருக்கென்று வேண்டிக்கொள்வது என்றே புரியவில்லை.

போன் மணி அடித்தது. மகள் கையை நீட்டி, பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “நீ எடும்மா” என்றாள். அதுவரை நான் போனைத் துடைத்திருக்கிறேனே தவிர பேசியதில்லை.

“நல்லா ஓடுதுன்னு சொல்லுங்கம்மா” என்றார் அதிகாரி.

“ஓடுதாம்” என்றேன்.

“எது ஓடுது? புரோகிராமா, டூலா? கேளும்மா.”

“எதுங்க ஓடுது?”

அவர் சிரித்துவிட்டார். “புரோகிராம்தான்மா. டூல் நின்னுபோச்சு. மருந்துக் கணக்கு எதுவும் கெடலை.”

சொன்னேன். மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பாய் சாலைப் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே அவள் உட்கார்ந்து, உதவிப் பக்கத்தில் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் கீழே ஒரு வரி சேர்த்தாள்: நிறுத்தினால் எது நிற்கும், எது நிற்காது.

அந்த வாரமே வலி எடுத்தது. பிரசவ அறைக் கதவைத் திறந்து நர்ஸம்மா, “நல்லா இருக்காங்க” என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் கும்பிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. “யாரு நல்லா கீறாங்க? தாயா, கொயந்தையா?” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ரெண்டு பேரும்தான் ஆயா” என்றாள். பாட்டியாகிவிட்ட என்னை ஆயா என்று முதலில் கூப்பிட்டது அவள்தான். அன்றைக்கு எனக்கு...

இரும்மா, எழுதுவதை நிறுத்து. தூறல் விழுகிறது. மாடியில் மிளகாய் காய்கிறது. போய் அள்ள வேண்டும்.