பதில் சொல்லாத கேட்பவர்

நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. ஆறரைக்கு எழுந்து, கோப்பி குடித்து, ட்ராமில் அலுவலகம் போனேன். ஒஸ்லோவில் அலுவலகங்கள் வைக்கும் நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், விருந்தை ‘யூலபூர்’ என்பார்கள். வருகிறோமா என்று பதில் எழுதாதவர்களை அன்று காலை பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்கள். என் பெயரும் இல்லை.

“நீ வரவில்லையா?” என்றான் பக்கத்து மேசை லார்ஸ்.

“வருகிறேன்.”

“பதில் எழுதவில்லையே?”

“வரமாட்டேன் என்றும் எழுதவில்லையே.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தான். இலங்கையில், எங்கள் ஊரான ஸ்கந்தபுரத்தில், அண்ணரின் கலியாணத்துக்கு வீடுவீடாகச் சொன்னோம். வருகிறேன் என்று ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. வருவார்கள் என்றே உலை வைத்தோம். வந்தார்கள்.

கணினி இயங்குதளத்தில் வலையமைப்புகளை இணைக்கும் ‘பிரிட்ஜ்’ என்ற பகுதியில் பிழை திருத்துவது என் வேலை. ஒரே ஒளிபரப்பைப் பலருக்கு அனுப்பும்போது, கேட்பவர் இருக்கும் பக்கத்துக்கு மட்டுமே அது அனுப்பும். அதற்காக, “இன்னும் கேட்கிறீர்களா?” என்ற கேள்வி இடையிடையே போகும். குறித்த நேரத்துக்குள் பதில் வராத பக்கம் வெட்டப்படும். ஒரு முதியோர் இல்லத்தில் தொலைக்காட்சிகள் அடிக்கடி நின்றுபோயின. பதிவுகளைத் திறந்து பார்த்தேன். தொலைக்காட்சிகள் ஒழுங்காகப் பதில் அனுப்பியிருந்தன. பிரிட்ஜ்தான் அதை வாங்கியும் அவற்றுக்கான நேரத்தை நீட்டாமல் விட்டிருந்தது. சில வரிகளைத் திருத்தினேன். பிறகு படம் நிற்கவில்லை.

மதியம் ஊரில் இருக்கும் அண்ணிக்குக் கோல் எடுத்தேன். பாரிசவாதம் வந்தபின் அண்ணர் பேசுவதில்லை. கண்ணாலும் ஒன்றும் காட்டுவதில்லை. தினமும் அண்ணி அவர் காதில் போனைப் பிடிக்க, நான் கதைப்பேன்.

“தம்பி, இனி ஞாயிறிலை மட்டும் எடுங்கோவன். உவருக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

“விளங்கேல்லை எண்டு எப்பிடி அண்ணி தெரியும்?”

“முந்தி நான் ஒண்டு சொன்னா ஒன்பது சொல்லுவார். இப்ப நான் சொல்லுறதுதான் சட்டம்.” சிரித்தவர் மூக்கை உறிஞ்சினார். “நீங்கள் கதைச்சு வைச்ச பிறகு வீடு இன்னும் வெறிச்செண்டு கிடக்குது தம்பி. அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு.”

அதை நான் யோசித்திருக்கவில்லை. தொலைக்காட்சிகளின் பதிலைப் பதிவுகளில் தேடி எடுத்தேன். அண்ணருக்குள் தேடிப் பார்க்க அப்படிப் பதிவு ஒன்றும் இல்லை. ஆனாலும் பதில் வரவில்லை என்பதற்காக அவரை வெட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

“நாளைக்கு ஒருக்காப் பிடியுங்கோ அண்ணி.”

“ம்,” என்றார். அது ‘ஓம்’ என்ற சம்மதம் அல்ல.

மறுநாள் காலை, கோப்பிக்கும் முன்னதாகக் கோல் எடுத்தேன். இரண்டாம் தரம்தான் அண்ணி எடுத்தார். போனை அண்ணரின் காதில் வைத்தார். நான் திருத்திய பிழையை அவருக்கு விளக்கினேன். அவர் குறுக்கே கேள்வி கேட்டிருக்கக்கூடிய இடங்களில் எல்லாம் நிறுத்தினேன். அப்போது அங்கே தகரக் கூரையில் மழை விழுவது கேட்டது. இங்கே, என் யன்னலுக்கு வெளியே, பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.