தலை தட்டிய மரக்கால்

பெருமுக்கல் மலைக்குத் தெற்கே எங்கள் ஆண்டைக்கு, அதாவது நிலத்துக்காரருக்கு, பெரிய புன்செய்க் கொல்லை இருந்தது. அங்கேதான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வேலை. கேப்பை அறுத்தால் கூலியும் கேப்பைதான். ஆண்டையின் வீட்டம்மா களத்தில் நின்று மரக்காலால் அளந்து போடுவார். மரக்கால் நிரம்பியதும் மேலே குவிந்ததை உள்ளங்கையால் வழித்துத் தள்ளிவிடுவார். தலை தட்டுவது என்போம். அந்தக் கையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் வீட்டில் தினமும் களி வெந்தது.

திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கிற மில் வந்த பிறகு கொல்லை முழுவதும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஆனது. கூலியும் மல்லாட்டையாகவே வந்தது.

"இத்த வச்சிக்கினு எப்படிங்க ஆண்டை களி கிண்டறது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வித்துட்டு கேப்பை வாங்கிக்க. இதுகூடவா தெரியாது?" என்றார் ஆண்டை.

முதல் இரண்டு வருஷம் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பிறகு கிளியனூர் வரைக்கும் எல்லாரும் மல்லாட்டைக்கு மாறிவிட்டார்கள். சந்தையில் கேப்பை மூட்டை குறைந்துகொண்டே போனது. எனக்கு மூன்று பிள்ளைகள், மல்லாட்டையைத் தின்றே வளர்வார்களா? ஏரிக்கரைக்கு அப்பால் ஆடு மேய்கிற கல்லாங்குத்து சும்மா கிடந்தது. நாங்கள் இருவரும் கல்லைப் பொறுக்கி, மண்வெட்டியால் கொத்தி, கேப்பை நாற்று நட்டோம். குடத்தில் தண்ணீர் சுமந்தே என் இடுப்பு போயிற்று. ஊரே சிரித்தது.

யுத்த காலத்தில் பர்மா அரிசி நின்றது. வசதியானவர்களும் தானியத்துக்கு அலைந்தார்கள். ஒரு நாள் காலை ஆண்டையின் வீட்டம்மா எங்கள் தெருவில் வந்து நின்றார். அதுவரை அவர் கால் அங்கே பட்டதில்லை. கையில் அதே மரக்கால்.

"கொஞ்சம் கேப்பை இருந்தா குடும்மா. மல்லாட்டை எவ்ளோ வேணுமோ எடுத்துக்க. புள்ளைங்க பசி தாங்கல" என்றார்.

பாவமாகத்தான் இருந்தது. கோபமும் போகவில்லை. பானையில் எங்களுக்கு ஒரு மாதத்துக்குத்தான் கேப்பை இருந்தது. மரக்காலை வாங்கி நிரப்பி வெளியே கொண்டுவந்தேன். அவர் கண்ணெதிரிலேயே தலை தட்டினேன். குவிந்திருந்தது என் முறத்தில் விழுந்தது. அவர் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஆடியில் கொல்லையில் பாதியைக் கேப்பைக்கு விட்டார்கள். அறுப்பு முடிந்து கூலிக்கு நின்றோம். என் முறை வந்ததும் வீட்டம்மா மரக்காலை நிரப்பினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, குவியலோடு என் கூடையில் கொட்டினார்.

எனக்குப் பின்னால் நின்றவளுக்கு வழக்கம்போலத் தலை தட்டினார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.