கட்ட வெரலு கேட்டாங்க, நான் வெச்சது வேற

உனுக்கு இன்னாத்துக்குமே அந்தக் கத? ஒம்போதாம் நம்பர் ஊட்டுக்குக் குடி வந்து ரெண்டு மாசம் ஆவல, அதுக்குள்ள சக்கர கேக்க வர்ற மாதிரி டம்ளர எடுத்துகினு வந்து, "பாட்டி, நீ தான் எல்லாரையும் தெருவுல நிறுத்தப் பாத்தியாமே"ன்னு கேக்குற. கொழாயடில சொன்னாங்களா? அவங்க சொல்றதுல பாதி பொய்யி. மீதி பாதிய நான் சொல்றேன், குந்து.

போன வருசம், அம்மனுக்குக் கூழு ஊத்துற மாசம். இதே நசரத்பேட்ட, இதே பதினெட்டு ஊடு. அப்ப எல்லாம் ஷீட்டு போட்ட வாடக ஊடு தான். நெலத்துக்குச் சொந்தக்காரரு ஒரு பெரியவரு. ஆஸ்பத்திரில மருந்து எடுத்துக் குடுத்து ரிட்டேரு ஆனவரு, ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போவாரு. வாடகய ஏத்தவே மாட்டாரு. அதுவே எனுக்கு ஒரு டவுட்டு தான்.

அவரு போய்ச் சேந்த அப்பால, அவரு பொண்ணு எங்க எல்லாரையும் சர்ச்சு ஹாலுக்குக் கூப்ட்டுச்சு. பள்ளிக்கூடத்துல டீச்சரு. அப்பா எழுதி வெச்ச உயில படிச்சிக் காட்டிச்சு. பதினெட்டு குடும்பமும் இஷ்டப்பட்டு ஒத்துக்கினா, நெலம் எல்லாத்துக்கும் பொதுவா ஒரு டிரஸ்டு பேருல போய்டும். அந்த டிரஸ்டே நாம தான். ஊடு அவங்கவங்களுது. சாவுற வரைக்கும் இருக்கலாம், புள்ளைங்களுக்குக் குடுக்கலாம். வெளியாளுக்கு மட்டும் விக்கக் கூடாது. காலி பண்ணிகினு போறவங்களுக்குக் கட்டடத்துக்கு உண்டானத டிரஸ்டு குடுத்துட்டு, ஊடு இல்லாத வேற குடும்பத்த அதே வெலைக்கு வெக்கும். நீ வந்தல்ல, அப்பிடி. ஆனா ஒரே ஒரு குடும்பம் இஷ்டமில்லன்னாலும் எல்லாம் கேன்சலு. நெலம் டீச்சரம்மாவுக்கும் அது தம்பிக்கும் பாதிப் பாதி.

பூந்தமல்லி வரைக்கும் மெட்ரோ தூணு வந்து நிக்குது. சுத்தி எங்க பாத்தாலும் அடுக்குமாடி. இந்த நேரத்துல ஒரு பொம்பள நெலத்த சும்மா குடுக்கறேன்னு வந்து நின்னா நீ இன்னா நெனப்ப? எல்லாரும் கை தட்னாங்க. நான் அந்தம்மா செருப்பப் பாத்தேன். தேஞ்சி போன செருப்பு. சரி, பணக்காரி ஏழ வேசம் போட்டுகினு வந்துகீறான்னு முடிவு பண்ணிட்டேன்.

ஊடு ஊடா வந்து வெளக்கிச் சொல்லிச்சு. நான் ஒரே கேள்விய மூணு தபா மாத்தி மாத்திக் கேட்டேன். பொய் சொல்றவங்க மூணாவது தபா உளறுவாங்க. இந்தம்மா உளறவே இல்ல. அப்ப நல்லா மனப்பாடம் பண்ணிகினு வந்துகீதுன்னு நெனச்சேன். எங்க ஊட்ல டீ குடிச்சிச்சு, சூடு கொறஞ்ச, சக்கர போதாத டீ. நல்லாகீதுன்னு சொல்லிச்சு. அத்தோட என் சந்தேகம் நிச்சயமாய்டுச்சு. என் டீய நல்லாகீதுன்னு என் பொண்ணு கூடச் சொன்னதில்ல.

உயிலோட ஜெராக்ஸ எடுத்துகினு பூந்தமல்லில மனு எழுதுற பாயாண்ட போனேன். அவரு கண்ணாடி போட்டுகினு வரி வரியாப் படிச்சாரு. டீச்சரம்மா சொன்னது தான் கீதுன்னாரு. விக்க முடியாத ஊடு எப்பிடி பாய் என் ஊடாவும்னு கேட்டேன்.

"ஏம்மா, உனுக்கு விக்கணுமா, இருக்கணுமா?"ன்னாரு.

நான் ஜெராக்ஸ மடிச்சி இடுப்புல சொருவிகினேன். அவரு படிச்சதுக்குக் காசும் வாங்கல. ஓகோ, இவரும் அவங்க ஆளுன்னு நெனச்சிகினு பஸ்சு ஏறிட்டேன்.

சிரிக்காத. நான் ஏன் அப்பிடின்னு உனுக்குத் தெரியாது. முன்ன அம்பத்தூர் பக்கம், ஏரிக்கரை ஓரமா குடிச போட்டுகினு இருந்தோம். ஒரு நாள் சட்டைய இன் பண்ணிகினு ஒருத்தன் வந்தான், ரேஷன் கார்டுக்குன்னான், கட்ட வெரல மையில தொட்டு வெச்சேன். அடுத்த மாசம் பொக்லைன் வந்து நின்னுச்சு. அந்தத் தாள்ல, நாங்களே இஷ்டப்பட்டு எடத்தக் காலி பண்றோம்னு எழுதி இருந்துச்சாம். என் பொண்ணு அப்ப ஏழு மாசக் கைக்கொயந்த. அடுப்பு எரிஞ்சிகினு இருக்கறப்பவே சட்டிய எறக்கினு வெளிய வந்தோம். அன்னிலருந்து எனுக்கும் என் எடது கட்ட வெரலுக்கும் பேச்சு வார்த்த இல்ல.

சம்மதம் வாங்குற அன்னிக்கி சர்ச்சு ஹால்ல ஒரே கூட்டம். கையெழுத்து தெரிஞ்சவங்க போட்டாங்க, தெரியாதவங்க எடது கட்ட வெரல வெக்கணும். என் முற வந்துச்சு. தாள் புடிச்சிகினு இருந்த பொண்ணு அந்தாண்ட பேசிகினு இருந்துச்சா, முந்தானைய இப்பிடி இழுத்து மறச்சிகினு, மோதிர வெரல மையில தொட்டு, நல்லா உருட்டி உருட்டி வெச்சேன். பாக்க கட்ட வெரலு மாதிரியே குண்டா உயுந்துச்சு. நாளைக்கி ஏதாவது வில்லங்கம்னா, ஐயா இது என் கட்ட வெரலே இல்லன்னு சொல்லித் தப்பிச்சிக்கலாம் பாரு. ஊட்டுக்கு வந்து பெரிய ராஜதந்திரி மாதிரி கால நீட்டிப் படுத்தேன்.

ரெண்டு மாசம் போச்சு. டீச்சரம்மாவோட தம்பி கோர்ட்டுக்குப் போனான். அவனுக்கு நெலத்த பிளாட் கட்டுறவங்களுக்கு வித்துடணும். அந்த சம்மதத் தாளே டுப்ளிகேட்டு, அக்காவே எவன் வெரலையோ வெச்சிகீதுன்னு கேசு. கோர்ட்டுல ஒரு வக்கீலம்மாவ அனுப்பினாங்க, எல்லார் ரேகையையும் திரும்ப எடுத்துப் பழசோட ஒத்துப் பாக்கறதுக்கு.

இப்ப நான் கட்ட வெரல வெச்சா பழசோட ஒத்துப் போவாது, அவன் சொன்ன டுப்ளிகேட்டு நெசமாய்டும். மோதிர வெரல வெக்கலாம்னா வக்கீலம்மா ஒவ்வொருத்தர் கையையும் தானே புடிச்சி வெக்கறாங்க. நான் தப்பிக்க வெச்ச வெரலு பதினெட்டு ஊட்டையும் இஸ்துகினு போவப் போவுது.

அதே சர்ச்சு ஹால்ல வரிசைல நின்னேன். எனுக்கு முன்னாடி ஆட்டோக்காரன் பொண்டாட்டி. கைக்கொயந்தைய என்னாண்ட குடுத்துட்டுப் போய் வெச்சிட்டு வந்துச்சு. அந்தக் கொயந்த என் மோதிர வெரலத் தான் புடிச்சிகினு இருந்துச்சு. மாங்காட்டுத் தாயே, இதுக்குக் கூடத் தெரிஞ்சி போச்சேன்னு நெனச்சேன்.

வக்கீலம்மா என் கையப் புடிச்சாங்க. நான் இழுத்துக்கினேன்.

"அம்மா, அன்னிக்கி நான் வெச்சது கட்ட வெரலு இல்ல. இது,"ன்னு காட்டினேன்.

என் பொண்ணு தலைல கை வெச்சிகினு குந்திடுச்சு. தம்பிக்காரன் மட்டும் மாப்பிள்ள மாதிரி முன்னாடி வந்தான். இந்தக் கெழவிக்கு அன்னிக்கே இஷ்டமில்ல, அதான் ஏமாத்தி இருக்குது, ஒரு குடும்பத்துக்கு இஷ்டமில்லன்னா உயிலு செல்லாது, எழுதிக்கங்க மேடம்னான்.

வக்கீலம்மா பேனாவ மூடிட்டு என்னப் பாத்தாங்க. "அன்னிக்கி உங்களுக்கு இஷ்டம் இருந்துச்சா, இல்லியா? யோசிச்சிச் சொல்லுங்க."

பின்னாடி பதினெட்டு ஊடும் நிக்குது. பாய் கேட்டதுக்குப் பதிலு அப்ப தான் வந்துச்சு எனுக்கு. விக்கவா, இருக்கவா.

"இருக்கணும்னு இஷ்டம் இருந்துச்சும்மா. நம்பிக்க தான் இல்ல. ஏற்கெனவே கட்ட வெரலால ஒரு ஊட்ட உட்டவ நான்,"னேன்.

அம்பத்தூர் கதையையும் சொன்னேன். வக்கீலம்மா நான் சொன்னத சொன்னபடியே எழுதினாங்க. அப்பால என் பத்து வெரலையும் ஒண்ணொண்ணா மையில தொட்டு எடுத்தாங்க. பாத்திரம் தேச்சித் தேச்சி ரேகையே மழுங்கிப் போச்சி, சில வெரல மூணு தபா வெக்க வேண்டியதாப் போச்சு. தம்பிக்காரன் ஒவ்வொரு வெரலுக்கும் கழுத்த நீட்டி நீட்டிப் பாத்தான். பொங்கலுக்கு முன்னாடி தீர்ப்பு வந்துச்சு. மோதிர வெரலு அப்பிடியே ஒத்துப் போச்சாம், இஷ்டம் தான்னு எடுத்துக்கினாங்களாம்.

ஆனா அது பொங்கலுக்கு. அன்னிக்கி சாயங்காலம் யாரும் என் மூஞ்சப் பாக்கல. ஹாலுக்கு வெளிய கைய மண்ணெண்ண போட்டுத் தொடச்சிகினு தனியா நின்னேன். டீச்சரம்மா வந்துச்சு. திட்டும்னு நெனச்சேன். பக்கத்துல நின்னு மெதுவாச் சொல்லிச்சு:

"நானா இருந்தா கால் வெரல வெச்சிருப்பேன்."

எனுக்கு அப்ப தான் அழுவ வந்துச்சு. என் சந்தேகத்தப் பாத்து அந்தம்மாவுக்குக் கோவமே வரல. ஏரிக்கரைல எனுக்கு நடந்தது, அந்தம்மாவுக்கு நடக்காமயே புரிஞ்சிகீது. இன்னிக்கும் நான் யாரையும் சட்டுனு நம்புறதில்ல, உன்னையும் தான். ஆனா மனசுல ஒண்ணு உறுத்திச்சின்னா இப்பல்லாம் கைய மறைக்கிறதில்ல, மூஞ்சிக்கு நேரா கேட்டுர்றேன்.

அன்னிக்கி ஊட்டாண்ட வந்ததும் அக்கம்பக்கம் மொத்தமும் வாசல்ல வந்து நின்னுச்சு. ஆட்டோக்காரன் பொண்டாட்டி கொயந்தைய இடுப்புல வெச்சிகினு, "இன்னும் எந்த வெரல ஒளிச்சி வெச்சிகினு கீற, சொல்லிடு பாட்டி"ன்னுச்சு. நான் பத்து வெரலையும் விரிச்சிக் காட்டினேன், எல்லாம் மண்ணெண்ணைக்கும் போவாத மை. "பாத்துக்கங்கடி, பத்தையும் குடுத்துட்டேன். இனிமே ஒளிச்சி வெக்க என்னாண்ட வெரலே இல்ல"ன்னு சொல்லிட்டு, உள்ள போய் எல்லாத்துக்கும் டீ போட்டேன்.